உருகாமல் நின்ற ஒரு ஏக்கர்

1985 ஜனவரிப் புயலில் வில்மா ஸ்டோடர்ட் வீட்டு முன்னால் விழுந்த பனி இருபத்தொரு வருடம் உருகவில்லை. ஏரிக்குக் கிழக்கே உள்ள மேட்டு ஊர்களில் மற்றவர்களுடைய பனியெல்லாம் ஏப்ரல் கடைசியில் மரியாதையாக உருகி ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. வில்மாவின் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் கிடந்த ஒரு ஏக்கர் மட்டும் அப்படியே நின்றது. மே மாதம் மேப்பிள் மரங்கள் துளிர்த்தன, ஜூனில் புல் அறுத்துக் கட்டினார்கள், ஜூலையில் வாணவேடிக்கை நடந்தது, பனி நின்றது. வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டார்கள். காரணம் பெல்மர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அளந்து பதிவேட்டில் ஏற்றாத பனி உருகாது. அதற்கு முன்பும் இரண்டொரு முறை இப்படி நடந்திருக்கிறது. ஆனால் வாரம் பத்து நாளுக்குள் யாராவது அடிக்கோலோடு போய் அளந்து எழுதிவிடுவார்கள், விஷயம் முடிந்துவிடும்.

வில்மா அளக்காதவள் இல்லை. அந்த மேட்டில் அவளைப் போல அளந்தவர் யாரும் கிடையாது. பதினொரு வருடமாகச் சம்பளமில்லாமல் வானிலை அலுவலகத்துக்கு மழையும் பனியும் அளந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சாலையோரம் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை வண்ணம் அடித்த ஒரு பலகை வைத்திருந்தாள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதில் விழுந்த பனியை அளக்க வேண்டும், பிறகு பலகையைத் துடைக்க வேண்டும். அதற்கு முன்னால் துடைக்கக் கூடாது. பனி தன் கனத்தாலேயே அமுங்கக்கூடியது. மணிக்கொரு தரம் துடைத்தால் அமுங்க நேரமில்லாமல் கணக்கு வீங்கிவிடும். இந்த விதியைச் சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தவளே வில்மாதான். அவள்தான் அந்தப் புயலில் மணிக்கொரு தரம் துடைத்தாள். எண்பத்தொரு அங்குலம் என்று எழுதி அனுப்பினாள். அலுவலகம் மூன்றே வரியில் பதில் போட்டது: விதி மீறிய அளவு, ஏற்க இயலாது. சாதனைக்கு ஆசைப்பட்டுவிட்டாள் என்று ஊர் நினைத்தது. வில்மா மறுக்கவில்லை. பதிவேட்டில் பெல்மரின் அந்த மூன்று நாளும் காலியாக நின்றன. அடுத்த ஊரில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த ஆர்வில் கெச்சம் ஒழுங்காக ஆறு மணி நேரத்துக்கொரு தரம் அளந்திருந்தான். அவனுடைய அறுபத்தொன்பது அங்குலம் சாதனையாக ஏறியது.

அந்தக் காலியிடம் வில்மாவை அரித்தது. வேறு எத்தனையோ ஆயிரம் எண்களை அவள் அனுப்பியிருக்கிறாள், எல்லாம் அச்சில் ஏறியிருக்கின்றன. அவள் வாழ்நாளின் மிகப் பெரிய புயலுக்கு நேராக மட்டும் ஒரு கோடு. தினமும் காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தக் கோடுதான் ஒரு ஏக்கருக்கு வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. ஒரு முறை மறுத்த அளவை அலுவலகமே கேட்டால்தான் மறுபடி எடுக்க முடியும். நடுவில் ஒரு அளவுக் கம்பத்தை நட்டு, என்றைக்காவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

ஊருக்கு அதனால் கஷ்டம் ஒன்றுமில்லை. தேவாலயத்து மீன் வறுவல் விருந்துக்கு யாரும் ஐஸ் வாங்கவில்லை. கோடையில் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு சறுக்கினார்கள். முதல் வருடமே ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை வானிலைக் கிறுக்கர்கள் நாற்பது பேர் நோட்டுப் புத்தகமும் தெர்மாமீட்டருமாக வந்து இறங்கினார்கள். பிறகு வருடா வருடம் வந்தார்கள். பனியோரம் நாற்காலி போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கை வெண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டு புயல் கதை பேசுவார்கள். மேப்பிள் பாகைக் கொதிக்கக் கொதிக்கப் பனிமேல் ஊற்றினால் சுருண்டு மிட்டாயாகிவிடும். திகட்டாமல் இருக்க நடுநடுவே ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொள்வார்கள்.

நாலாவது வருடம்தான் ஒன்றைக் கவனித்தார்கள். கதை பேசப் பேசப் பனி ஏறியது. புயலன்று கதவு திறக்காமல் புகைபோக்கி வழியாக வெளியே வந்தேன் என்று ஆர்வில் சொன்னான், கம்பத்தில் ஒன்றரை அங்குலம் ஏறியது. என் மாடு பனிமேலேயே நடந்து கூரைக்குப் போய்விட்டது என்றார் ஒருவர், இரண்டு அங்குலம். அதிலிருந்து போட்டி வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். மழையைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு வராத மனிதர்கள்தான் எல்லோரும், ஆனால் பனிப்புயல் விஷயத்தில் அவர்களுக்குக் கூச்சநாச்சம் கிடையாது. இருபதாவது வருடம் பனி மாடி ஜன்னலை மறைத்தது. வில்மா விளக்கு போட்டுக்கொண்டு துணி மடித்தாள்.

அவள் கணவன் டுவேன் மட்டும் கூட்டிச் சொன்னதில்லை. அவன் மாவட்ட நெடுஞ்சாலைத் துறையில் பனி வாரும் லாரி ஓட்டியவன். புயலன்று மேட்டு வளைவில் லாரியோடு புதைந்து முப்பத்தோரு மணி நேரம் கிடந்தான். ரேடியோ செத்துவிட்டது, ஆளைக் காணோம் என்று துறையிலிருந்து வீட்டுக்கு உடனே தகவல் போனது. காற்று சற்றே ஓய்ந்ததும் வேலிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். இந்தக் கதையை வருடா வருடம் ஒரே மாதிரிதான் முடிப்பான்: "செத்துப் பொழைச்சு வந்து நிக்கிறேன். சாலையோரமே நிக்கிறா இவ. என்னைப் பார்த்து என்ன சொன்னா தெரியுமா? அந்தப் பலகையை மிதிச்சிடாதன்னு சொன்னா." நாற்பது பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். வில்மாவும் சிரிப்பாள். கம்பத்தில் பனி ஒரு நூல்கூட ஏறாது. சிரிப்பு அடங்கியதும் டுவேன் சாமான் கொட்டகைக்குப் போய் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பான், பாகு காய்ச்சும் நேரத்துக்குத்தான் திரும்புவான். அவன் அங்கே எதற்குப் போகிறான் என்று வில்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் இருபத்தொரு வருடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

2006 ஆகஸ்ட் கூட்டத்துக்கு நோலன் பிராட் என்ற வானிலை அலுவலக அதிகாரி வந்தார். பழைய பதிவேடுகளை அலுவலகம் நிரந்தரமாக மூடப்போகிறது என்றார். பனி இன்னும் இருப்பதால் உண்மை அளவை இன்று எடுக்க முடிந்தால் ஏற்றிவிடலாம், முடியாவிட்டால் அந்தக் காலியிடம் காலியாகவே இருக்கும். மாலை ஐந்து மணிக்கு அவர் கிளம்ப வேண்டும். வில்மா கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு அங்குலம்.

"இதுல எது புயல், எது வாய்?" என்று கேட்டார் நோலன்.

"முக்கால்வாசி வாய்தான்," என்றாள் வில்மா. "இவங்க ஏத்தினது. இவங்கதான் இறக்கணும்."

அன்று மதியம் பெல்மரில் நடந்தது போல ஒரு காரியம் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. வானிலைக் கிறுக்கர்கள் வரிசையாக எழுந்து நின்று பொய்யை வாபஸ் வாங்கினார்கள். கூரைக்குப் போன மாடு உண்மையில் தொழுவத்தை விட்டு அசையவே இல்லை. மூன்று நாள் பச்சை முட்டை குடித்து உயிர் பிழைத்தவர் வீட்டில் பன்றித் தொடை பாதி மீதி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பனி பெருமூச்சு போலச் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. மாடி ஜன்னல் தெரிந்தது, முன்கூடத்துக் கூரை தெரிந்தது. ஆர்வில்தான் கடைசி வரை மழுப்பினான்.

"யோவ் ஆர்வில், உன் வீட்டுப் புகைபோக்கியில பூனைகூட வர முடியாது, உன் உடம்பு எங்க வரும்," என்றான் டுவேன். "சொல்லுய்யா."

"சமையல்கட்டுக் கதவுதான்," என்றான் ஆர்வில். "என் பொண்டாட்டி பின்னாலேர்ந்து தள்ளினா. போதுமா?"

எண்பத்தொன்றில் வந்து நின்றது. கூட்டம் கைதட்டியது. வில்மா எழுதிய அதே எண். நோலன் பேனாவை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. பனியின் மேல்பரப்பு அடங்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது, கோடு பிடிக்க முடியவில்லை. அவர் வில்மாவின் பழைய படிவத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு விரலால் எண்ணினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. புயல் மொத்தம் அம்பத்தி நாலு மணி நேரம். நீங்க மணிக்கொரு தடவை துடைச்சது முப்பத்தோரு மணி நேரம்தான். அதுக்கு முன்னாடியும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அப்புறமும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சாதனைக்கு ஆசைப்பட்டிருந்தா நடுவுல ஏன் விட்டீங்க?"

இருபத்தொரு வருடத்தில் யாரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. ஆர்வில் வாயில் உருளைக்கிழங்கோடு டுவேனைத் திரும்பிப் பார்த்தான். டுவேன் வெண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

வில்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பதில் சொல்லாவிட்டால் ஐந்து மணிக்கு அதிகாரி போய்விடுவார். சொன்னால் எண்பத்தொன்று போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. எப்போதும் எண்களில் பேசிப் பழகியவள். இதற்கு எண் கிடையாது.

"வீட்டுக்குள்ள இருக்க முடியல," என்றாள். "பலகை சாலையோரம் இருந்துச்சு. அங்க போனாத்தான் வளைவுல லாரி விளக்கு வருதான்னு தெரியும். சும்மா போய் நின்னா பயந்துபோய் நிக்கறேன்னு எனக்கே தெரிஞ்சுபோயிடும். அடிக்கோலை எடுத்துக்கிட்டுப் போனா வேலைக்குப் போறேன்னு அர்த்தம். போனதுக்கு அளந்தேன். அளந்ததுக்குத் துடைச்சேன்."

"அப்ப ஏண்டி என்கிட்ட பலகையை மிதிக்காதன்னு சொன்ன?" என்று கேட்டான் டுவேன். இந்த முறை அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"வேற எதுக்கு வாயத் தொறந்திருந்தாலும் அழுதிருப்பேன். அழுதிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன். அப்புறம் எல்லாரும் பேராசைக்காரின்னாங்க. பயந்தாங்கொள்ளிங்கறதுக்கு அது தேவலைன்னு இருந்துட்டேன்."

பனி இறங்கியது. இந்த முறை சத்தமே இல்லை. எண்பது, எழுபத்தாறு, எழுபது. அறுபத்தெட்டரையில் நின்று, மேல்பரப்பு மேசைபோல அடங்கியது. எல்லோரும் கம்பத்தையும் ஆர்வில்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவனுடைய சாதனைக்கு அரை அங்குலம் குறைவு.

ஆர்வில் தொண்டையைச் செருமினான். "என் அடிக்கோலோட முனை தேஞ்சுபோனது," என்றான். "எப்பவும் அரை அங்குலம் கூடத்தான் காட்டும்."

கம்பத்தில் பனி அரை அங்குலம் ஏறியது.

"விட்டுடு ஆர்வில்," என்றாள் வில்மா சிரித்துக்கொண்டே. "நல்ல அடிக்கோல் அது. நான்தானே வாங்கிக் குடுத்தேன்." ஏறியது இறங்கியது. அறுபத்தெட்டரை என்று நோலன் எழுதினார், நேரம் நாலு மணி நாற்பது நிமிடம் என்று பக்கத்தில் போட்டார். காலியிடம் நிரம்பிவிட்டது. தோற்ற எண்தான், ஆனாலும் உண்மை எண் என்பதால் வில்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது போல இருந்தது.

டுவேன் இதற்குள் வீட்டுக்குள் போய் அவளுடைய பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்திருந்தான். அலுவலகத்துக்கு எண்கள் மட்டும்தான் போயிருந்தன. நோட்டில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதை யாரும் படித்ததில்லை. கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் டுவேனும் அதைத் திறந்து பார்த்ததில்லை. பனியோரமே நின்றபடி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தான். காலை பத்து மணி, இரண்டரை அங்குலம், மேற்குக் காற்று, சாலையில் யாரும் இல்லை. பதினோரு மணி, மூன்று அங்குலம், மேற்குக் காற்று, சாலையில் யாரும் இல்லை. பன்னிரண்டு மணி, சாலையில் யாரும் இல்லை. சில மணிகளில் அளவை எழுதவே மறந்திருந்தாள், அந்த வரியை மட்டும் மறக்கவில்லை. அவன் தாளைத் திருப்பினான். மறுபக்கமும் அப்படியே போனது.

பதிவேட்டில் ஏறிவிட்ட பனி அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஒரு ஏக்கரும் ஒன்றாக உருகத் தொடங்கியது. தண்ணீர் தபால் பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கியது, கீழே இருபத்தொரு வருடம் படுத்துக் கிடந்த புல் பச்சையாகவே எழுந்தது. வந்தவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் மேட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். மீதிப் பாகு வீணாகாமல் இருக்க ஆர்வில் அவசர அவசரமாகக் கடைசிப் பனியில் ஊற்றினான். நோலன் காலுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். டுவேன் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று படித்துக்கொண்டிருந்தான். வில்மா அவனைக் கூப்பிடப் போய்ப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அவன் ஒரு வரியைக்கூட விட்டுவிட்டுப் படிக்கவில்லை. நோட்டில் இன்னும் இரண்டாம் நாள் காலை ஆறு மணியில்தான் இருந்தான், வீடு வந்து சேர இன்னும் பல மணி நேரம் இருந்தது.