மஞ்சள் பைக்கு ஒரு கட்டில்

எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியில் கழிவுப் பைகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் என் தம்பி குருவையாவுக்குக் குடல்வால் வெடித்து ஆப்பரேஷன் நடந்திருந்தது.

காரணம் நியாயமானதுதான். ஆஸ்பத்திரிக் கழிவை இரண்டு நாளுக்கு மேல் வளாகத்துக்குள் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். எடுத்துப்போகும் வண்டியோ வாரக்கணக்கில் வரவில்லை. வண்டிக்காரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஏதோ மனஸ்தாபம். கழிவை வைத்திருந்தால் குற்றம், நோயாளியை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். எனவே பைகளுக்கு அட்மிஷன் போட்டார்கள்.

ரத்தப் பஞ்சும் வெட்டியெடுத்த சதையும் இருந்த மஞ்சள் பைகள் ஆண்கள் வார்டுக்கு வந்தன. குழாய்களும் குளுக்கோஸ் பாட்டில்களும் இருந்த சிவப்புப் பைகள் பெண்கள் வார்டுக்குப் போயின. உடைந்த கண்ணாடி இருந்த நீலப் பெட்டிகளைக் குழந்தைகள் வார்டில் படுக்கவைத்தார்கள், பக்குவமாகக் கையாள வேண்டும் என்பதால். ஊசி டப்பாக்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தன. அவற்றைப் பார்க்க யாரையும் உள்ளே விடவில்லை.

கட்டில்கள் போதவில்லை. தம்பியை இறக்கி, தரையில் பாய் விரித்துப் போட்டார்கள். அவன் கட்டிலில் கொழுத்த மஞ்சள் பை ஒன்று படுத்துக்கொண்டது.

"அவங்களால எந்திரிக்க முடியாது. உங்க தம்பி நடப்பான்ல?" என்றார் வார்டு நர்ஸ் எமல்டா சிஸ்டர்.

"நேத்துதான வயித்தக் கிழிச்சீங்க, எங்குட்டு நடப்பான்?"

"நடக்கணும்மா. அப்பத்தான் ஆறும்."

நான் பிளவுஸ் தைக்கிறவள். கழுத்து இறக்கம் சரியில்லை என்று யாராவது வந்து நின்றாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். அன்றைக்கு எப்படி ஏறியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சிஸ்டர் நின்று கேட்கவில்லை. பைக்குக் காய்ச்சல் பார்க்கப் போய்விட்டார்.

உள்நோயாளி என்றால் துணைக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். பைக்கு உறவு என்று யாரும் வராததால் பக்கத்தில் இருந்த என்னையே துணையாள் ஆக்கினார்கள். மின்விசிறி ஓடாத நேரத்தில் நான் அதற்கு விசிற வேண்டும். காலையில் வரிசையில் நின்று அதற்குப் பாலும் ரொட்டியும் வாங்கி வர வேண்டும். கட்டிலுக்கு ஒரு ரொட்டிதான் கொடுத்தார்கள். பாய்க்குக் கிடையாது. அதன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தம்பிக்குக் கொடுத்தபோது எமல்டா சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"பேஷண்ட் சாப்பாட்டுல கை வைக்கலாமாம்மா? அவங்களுக்கு வாய் இல்லைன்னுதானே?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

யாரோ சோம்பேறி, டப்பாவில் போட வேண்டிய ஊசியை அந்த மஞ்சள் பையில் போட்டுக் கட்டியிருக்கிறான். புதன்கிழமை அது பையின் அடியில் குத்திக்கொண்டு வெளியே வந்தது. சொட்டுச் சொட்டாகக் கசிய ஆரம்பித்தது. கட்டிலை ஒட்டித்தான் தம்பியின் பாய். நகர்த்தலாம் என்றால் அடுத்த பாயில் இன்னொருவர் கிடந்தார். சொட்டு நேராக அவன் வயிற்றுக் கட்டின் மேல் விழுந்தது.

"யக்கா, ஈரமா இருக்கு," என்றான்.

எவரெவரின் சீழோ ரத்தமோ, ஈரத் தையலில் இறங்கினால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை மறித்தேன்.

"இந்தத் தண்ணி புண்ணுல பட்டா இவன் செத்துருவான் டாக்டர்."

"பக்கத்து பேஷண்டப் பத்தி அப்படிப் பேசாதீங்க," என்றார். பையைத் தட்டிப் பார்த்தார். உடம்பில் நீர் ரொம்பக் குறைகிறது என்று சொல்லி, தம்பிக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸைக் கழற்றிப் பைக்குப் போடச் சொன்னார். அது ஏற ஏறச் சொட்டு ஒழுக்காக மாறியது. அந்த டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். உலுக்காமல் விட்டதற்கு இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவர் போனதும் பையை இழுத்துக் கீழே தள்ளினேன். காவலாளிகள் ஓடி வந்தார்கள். தூக்கிக் கட்டிலில் கிடத்தி, போர்வையைச் சரிசெய்தார்கள். ஒருவர் அதனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். இன்னொரு தடவை கை வைத்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். நான் போய்விட்டால் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கண் அசந்தபோதெல்லாம் சட்டி சாய்ந்தது. வியாழக்கிழமை அவன் உடம்பு அனலாகக் கொதித்தது.

வெள்ளிக்கிழமை வண்டி வந்துவிட்டது. மனஸ்தாபம் தீர்ந்திருக்க வேண்டும். முழங்கை வரை கையுறையும் பூட்ஸும் முகமூடியுமாக ஒருவர் வார்டுக்குள் வந்தார்.

"இங்க கழிவே இல்லையே. எல்லாரும் பேஷண்ட்," என்றார் எமல்டா சிஸ்டர்.

"கட்டில்ல இருக்கிறவங்க பேஷண்ட், சரி. கீழ கிடக்கிறது?"

சிஸ்டர் தரையைப் பார்த்தார். "அதை எடுத்துக்கங்க," என்றார்.

வண்டிக்காரர் பாய் பாயாகக் குனிந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வந்தார். தம்பியின் கையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்.

"உசுரோட இருக்கான்யா! பேசுவான்யா! டேய், பேசுடா!"

"யக்கா, தண்ணி," என்றான் தம்பி.

வண்டிக்காரர் அவன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "கசியுது," என்று இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டினார்.

நீங்கள் எல்லாம் மனுசர்கள்தானா என்று வார்டே அதிரக் கத்தினேன். எமல்டா சிஸ்டர் உதட்டில் விரல் வைத்துக் கட்டிலைக் காட்டினார். பை அப்போதுதான் தூங்கியிருந்தது.

"நானும் வர்றேன்," என்றேன்.

"கழிவு மட்டுந்தாங்க்கா ஏத்துவோம்."

தம்பியின் நனைந்த வயிற்றுக் கட்டின் மேல் உள்ளங்கையை ஒற்றி எடுத்து, அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இப்ப?"

பார்த்தார். என் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்.

வண்டிக்குள் வரிசையாகக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, தலையணை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குளுக்கோஸ் கம்பி. இரண்டு பேர் தம்பியை அலுங்காமல் தூக்கிப் படுக்கவைத்தார்கள். கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்து, உலர்ந்த துணி வைத்துக் கட்டினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவனுக்குப் பக்கத்துக் கட்டிலை எனக்குக் கொடுத்தார்கள்.

"இவ்வளவு கட்டில இங்க வச்சுக்கிட்டு, அங்க ஏன்யா பிள்ளையத் தரையில போட்டீங்க?"

"அது ஆஸ்பத்திரிங்க்கா. இங்க கழிவைத் தரையில போட்டா எங்க லைசென்ஸ் போயிரும்," என்று சொல்லி வண்டிக்காரர் கதவைச் சாத்தினார்.

வண்டி கிளம்பியது. முன்னால் டிரைவர், கழிவை எரிக்கும் உலை சூடாகிவிட்டதா என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். தம்பிக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.