முதல் பாடத்துக் குடும்பம்

ஸ்பானிஷ் பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தில் வரும் குடும்பம், கல்லூரி திறந்த மூன்றாம் வாரம், இரண்டு பெட்டிகளோடும் ஒரு பூனையோடும் லாரி எடைமேடைக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய் பழுது பார்ப்பவர் வருவதாகச் சொல்லியிருந்ததால், கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அம்மா திரும்பிப் பார்க்காமலே உள்ளே வரச் சொல்லிவிட்டாள். கணவனும் மனைவியும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். மேசை பெரிதாக இருக்கிறது, பூனை சிறிதாக இருக்கிறது என்றார்கள். பிறகு உட்கார்ந்துகொண்டார்கள். முதல் பாடத்தில் அவ்வளவுதான் இருந்தது.

வீட்டில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அம்மா அவர்களைத் தன் கணவன் வழிச் சொந்தம் என்று நினைத்தாள். அப்பா தன் மனைவி வழிச் சொந்தம் என்று நினைத்தார். யாருடைய ஆட்கள், எத்தனை நாள் இருப்பார்கள் என்று கேட்டு முன்பு இரண்டு முறை அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்ததால் இருவருமே வாயைத் திறக்கவில்லை. போட்டி போட்டுக்கொண்டு உபசரித்தார்கள். பாதிப் பருவம் கழிந்து, வந்தவர் அப்பாவின் துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்ட ஒரு காலையில்தான் அப்பா பொறுமை இழந்தார்.

"உன் சொந்தக்காரருக்கு ஒரு துண்டு எடுத்துக் குடுக்கக் கூடாதா?"

"என் சொந்தமா? உங்க பெரியப்பா வீட்டு ஆளுங்கன்னுல்ல இத்தன நாளா விழுந்து விழுந்து கவனிச்சேன்."

அதற்குள் பூனைக்கு அந்த வீட்டில் ஒரு இடம் அமைந்துவிட்டது. இனி வெளியே போகச் சொல்வது மரியாதையாக இருக்காது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். ஆனாலும் அப்பா லாரிகளுக்கு எடை போடுகிறவர், எதையும் மேடையில் ஏற்றிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. ஒரு விடுமுறை நாளில் வந்தவர்களைப் பூனை, பெட்டிகள் சகிதம் எடைமேடையில் நிற்க வைத்தார். முள் அசையவில்லை. கடைசியில் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்ததில், எல்லோரும் சேர்ந்து அரைப் புத்தகத்தின் எடைதான் இருந்தார்கள். "இந்த எடைக்கு இந்தச் சாப்பாடு கொஞ்சம் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார்.

இளைய மகள் சின்னவளுக்கு மட்டும் அவர்கள் யாரென்று முதல் நிமிடத்திலேயே தெரியும். அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் சின்னவளிடம் கேட்கப்படும் கேள்விக்குப் பெரியவள் பதில் சொல்லிவிடுவாள். "பசிக்குதாடி?" என்றால், "அவளுக்குப் பசிக்கல." "எந்தக் கலர் புடிச்சிருக்கு?" என்றால், "அவளுக்கு எதுனாலும் சரி." அக்காவிடம் கெட்ட எண்ணம் கிடையாது, வேகம்தான். தங்கை வார்த்தையைத் தேடி எடுத்துவருவதற்குள் அக்கா அதைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள். சின்னவளுக்கு இதில் ஒரு சுகமும் இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளும் வேலை மிச்சம். ஆனால் எப்போதாவது உள்ளே எட்டிப் பார்த்தால், கூட்டிப் பெருக்கி யாரும் குடிவராத அறை ஒன்று அங்கே இருந்தது. அதன் சுத்தம் அவளைப் பயமுறுத்தியது.

கல்லூரியில் முதன்மைப் பாடம் வணிகவியல் என்று அப்பா முடிவு செய்தார், அது எடையுள்ள படிப்பு. துணைப்பாடம் எதுவானாலும் சரி என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், சின்னவள் பட்டியலில் ஸ்பானிஷ் மீது விரலை வைத்துவிட்டாள். அந்த மொழியில் அக்காவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. வகுப்பில் அவளோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரும் மனதுக்குள் படித்தார்கள். இவள் மட்டும் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்விட்டுப் படித்தாள். அதனால் இவள் வீட்டுக்கு மட்டும்தான் ஆள் வந்தது.

அவர்கள் பேச்சு பாடத்தைத் தாண்டிப் போகாது. உடைகள் பற்றிய பாடம் நடந்த வாரம், வந்த அம்மாள் வீட்டில் எல்லோருடைய சட்டையையும் பாராட்டினாள். வானிலைப் பாடத்தின்போது வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, இருவரும் ஜன்னலைக் காட்டி நல்ல வெயில் என்றார்கள். திரைச்சீலை தைத்து விற்கும் அம்மா அவர்கள் பேச்சை நம்பி, நனைத்த துணிகளை மாடியில் காயப்போட்டாள். துணி மொடமொடவென்று காய்ந்தது.

கல்லூரியின் ஸ்பானிஷ் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகங்கள் குறைவாகவே வரும் என்பதால், துறைத் தலைவர் ஒவ்வொன்றையும் ரொட்டி வெட்டும் கத்தியால் நடுவில் அறுத்து, துணைப்பாடக்காரர்களுக்கு முன்பாதியை மட்டும் கொடுப்பார். பின்பாதி முதன்மைப் பாடம் எடுப்பவர்களுக்கு. அப்படி எடுக்க ஆளே வராததால் பின்பாதிகள் அலமாரியில் அடுக்கிக் கிடந்தன. கத்தி எந்த இடத்தில் விழுகிறது என்று அவர் பார்ப்பதில்லை. சின்னவளின் புத்தகத்தில் அது பன்னிரண்டாம் பாடத்தில் விழுந்திருந்தது. ரயில் நிலையத்தில், பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னல் முன்னால் அந்த அம்மாள் நிற்கிறாள். "எனக்கு வேண்டியது" என்கிறாள். அதோடு புத்தகம் முடிகிறது.

அந்தப் பாடத்தைப் படித்த நாளிலிருந்து அந்த அம்மாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நிற்பாள். "எனக்கு வேண்டியது" என்று சொல்வாள். பிறகு திறந்த வாய் மூடாமல் நின்றுகொண்டே இருப்பாள். அம்மா தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், நாற்காலி போட்டுப் பார்த்தாள், தோளுக்குச் சால்வை போர்த்திப் பார்த்தாள். அப்பா தன்னுடைய புதுத் துண்டையே நீட்டினார். துணைப்பாடம் அந்த மாதத்தோடு முடிகிறது. முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் அதற்குள் அப்பாவை அழைத்துவர வேண்டும் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார், அதைச் சொன்னபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. மாதத்தின் கடைசி நாள் வந்தது.

அன்றும் அந்த அம்மாள் வந்து நின்றாள். அம்மா கையைப் பிசைந்தாள். "பாவம், என்னதான் வேணுமாம்?"

"ஒண்ணும் வேண்டாமாம்மா, எதுனாலும் சரியாம்" என்றாள் அக்கா, தலை வாரிக்கொண்டே.

சின்னவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வாய் அப்படியே திறந்திருந்தது. இத்தனை வருடம் தன் முகம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"நீ சொல்லாத அக்கா. அவங்க இன்னும் சொல்லி முடிக்கல."

அக்காவின் சீப்பு நின்றது. "எனக்கு" என்று சின்னவள் தொடங்கினாள், அதோடு அவளுக்கும் நின்றுவிட்டது. கூடத்தில் இரண்டு பேர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். அக்கா சொல்ல வந்தாள். அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பால்காரர் வந்து போனார். அப்பாவுக்கு வேலைக்கு நேரமானது. லாரி மேடையில் ஏறியதும் முள் நிலைக்கு வரும்வரை காத்திருக்கிற மாதிரி அவர் காத்திருந்தார்.

"எனக்கு மிச்சப் புத்தகமும் வேணும்ப்பா. ஸ்பானிஷ்தான் படிக்கணும். இன்னிக்கே நீங்க காலேஜுக்கு வரணும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"இருங்க, அவளுக்கு வணிகவியல்தான்..." என்று அக்கா தொடங்கினாள். யாரும் அவளைப் பார்க்காததால் சீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அப்பா வந்தார். துறைத் தலைவர் அலமாரியைத் திறந்து, அவளுடைய பின்பாதியைத் தேடி எடுத்துப் பசை போட்டு ஒட்டினார். அறுத்துத்தான் அவருக்குப் பழக்கம், இதுவரை எதையும் ஒட்டியதில்லை. பசை காய்வதற்குள் சின்னவள் வீட்டுக்கு ஓடிவந்து, குளியலறைக்குப் போகாமல் கூடத்தில் நின்றே சத்தமாகப் படித்தாள். அந்த அம்மாள் மூச்சை விட்டு, சொல்லவந்ததைச் சொல்லி முடித்தாள்.

"என்னடி கேக்கறாங்க?" என்றாள் அம்மா.

"ஜன்னலோரத்து சீட்டு."

அம்மா தையல் மெஷினை நகர்த்தி நாற்காலியை ஜன்னலோரம் போட்டாள். திரைச்சீலையையும் ஒதுக்கிவிட்டாள். அந்த அம்மாள் உட்கார்ந்து மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். அன்றைக்கு வீடு லேசாக ஆடியதாக அக்கா சொன்னாள். பதின்மூன்றாம் பாடத்தில் ரயில் கிளம்பிவிடுகிறது.

பாடங்கள் இரண்டு வருடத்தில் முடிந்தன. அவர்கள் போகவில்லை. கடைசிப் பாடத்தில் விடைபெறும் வாக்கியம் எதுவும் இல்லை, வெறும் பயிற்சிகள்தான். சின்னவள் அதே துறையில் பாடம் நடத்தப் போனாள், கத்தியைக் கேட்டு வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டினாள். அக்காவின் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா வீட்டு ஆட்கள், ஜன்னலோரம் இருப்பவர்கள் யார் என்று கேட்டார்கள்.

"நம்ம ஆளுங்கதான்" என்றார் அப்பா. "கொஞ்சம் நகந்துக்குங்க, அவங்களுக்கு மறைக்குது."