முப்பத்தாறு நோட்டும் ஒரு பூட்டும்

முப்பத்தாறு மாணவர்கள், முப்பத்தாறு செய்முறை நோட்டுகள், முப்பத்தாறிலும் ஒரே விடை: முப்பது வினாடி. ஒரு மீட்டர் நூலில் தொங்கும் குண்டு இருபது முறை போய்வர எடுத்துக்கொண்ட நேரம் அது. நிதானமாக எண்ணுகிறவனுக்கும் முப்பது. அவசரக் குடுக்கைக்கும் முப்பது. அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டோடு கிடந்த இருவருக்கும் முப்பது. அண்ணனும் தம்பியுமே ஒத்துப்போகாத காலத்தில் இப்படியோர் ஒற்றுமையா என்று வியந்த அறிவியல் டீச்சர், சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள், ஒரு நொடி யோசித்தாள், மறுபடியும் மூடிவிட்டாள்.

அந்தப் பள்ளியில் ஆய்வகம் இருந்தது. ஆய்வகத்துக்குக் கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது, பூட்டுக்குச் சாவி இருந்தது, சாவியைக் காக்க ஓர் ஆளும் இருந்தார். திறப்பதற்குத்தான் ஒரு நாள் இல்லை. ஆய்வகப் பணியாளரான அவரைப் பள்ளியே சாவி அண்ணன் என்றுதான் அழைத்தது. ‘உடைந்த பொருட்கள் பதிவேடு’ என்றொரு தடித்த புத்தகம் அவர் மேசையில் கிடந்தது. பதினான்கு ஆண்டுகளாக அதில் ஒரு வரி ஏறவில்லை. ஒரு சோதனைக் குழாய்கூட உடையாத பள்ளி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி நெஞ்சு நிமிர்த்துவார். குளிக்காதவன், நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததே இல்லை என்று மார்தட்டுகிற பெருமைதான் அது.

பிறகு செய்முறை நோட்டுகள் எப்படி நிரம்பின? அதற்கென்று ஒரு தாய் நோட்டு இருந்தது. சிவப்பு அட்டை, அச்சுக் கோத்ததுபோன்ற கையெழுத்து. இதே பள்ளியில் படித்து இதே பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தவர், தம் மாணவப் பருவத்தில் எழுதிய நோட்டு அது. ஆண்டு முழுவதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருக்கும். ஆண்டுக்கு ஒரு வாரம் வகுப்புக்கு எழுந்தருளும். அந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள்; எழுதியதற்கு டீச்சர் கையொப்பம் இடுவாள்; கையொப்பத்துக்கு மதிப்பெண் விழும். அறிவியலின் பெயரால் நடந்த அந்தச் சடங்கில் அறிவுக்கு மட்டும் அழைப்பில்லை.

டீச்சர் அங்கே சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டாவது மாதம் அவள் வேலை நிரந்தரமா, இல்லையா என்று தலைமையாசிரியை அறிக்கை எழுதியாக வேண்டும். வெள்ளிக்கிழமை நோட்டுகள் தேர்வு வாரியத்துக்குப் போகின்றன. அதே உறையில் அறிக்கையும் போகிறது. முப்பத்தாறு கையொப்பம் போட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் வேறு ஊரில் வேறு பள்ளி தேடிக்கொள்ள வேண்டியதுதான். இதைத் தலைமையாசிரியை வாய்விட்டுச் சொல்லவில்லை. “எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும் இல்ல, டீச்சர்?” என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார்.

திங்கள் மாலை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தன் கணவனின் தையல் கடைக்குப் போனாள். அவன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தான். கடைப் பூட்டை வாங்கி, நூலில் கட்டி, துணி மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டாள். கொக்கியிலிருந்து பூட்டின் நடுப்பகுதிவரை சரியாக ஒரு மீட்டர். மெல்ல இழுத்து விட்டாள். கணவன் கடிகாரத்தைப் பார்த்தான், அவள் எண்ணினாள். இருபதாவது முறை பூட்டு திரும்பி வந்தபோது நாற்பது வினாடி ஆகியிருந்தது. மறுபடியும் செய்தார்கள்: நாற்பது. மூன்றாம் முறையும் நாற்பது. சட்டை வாங்க வந்தவர், கடை எப்போது ஊஞ்சல் கட்டியது என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வகுப்பில் அவள் பாடம் நடத்தவில்லை. ஆளுக்கொரு வேலை கொடுத்தாள். வீட்டில் கிடைக்கிற நூல், வீட்டில் கிடைக்கிற கனமான பொருள், வீட்டில் ஓடுகிற கடிகாரம். ஒரு மீட்டர் அளந்து தொங்கவிட்டு இருபது எண்ண வேண்டும். என்ன வருகிறதோ அதை எழுத வேண்டும். அடுத்தவன் தாளைப் பார்த்தால் அவனுடைய தப்பும் இலவசமாக வந்து சேரும் என்று எச்சரித்தாள்.

அன்று மாலை அந்த வட்டாரமே ஆடியது. பால்கனியில் பூட்டு ஆடியது, படிக்கட்டில் கரண்டி ஆடியது, முடிதிருத்தும் கடையில் நாற்காலிக்கு மேலே ஒரு ஷாம்பூ புட்டி ஆடி, பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் பத்தொன்பது, இருபது என்று கூடவே எண்ணினார். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள் அப்பாவின் கடிகாரத்தைக் கழற்றி வாங்கச் சண்டை போட்டார்கள். ஓர் அம்மா, இது விளையாட்டா படிப்பா என்று கேட்டாளாம். ரெண்டும்தான் என்று பிள்ளை சொன்னதாம்.

புதன்கிழமை விடைகள் வந்து குவிந்தன: முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு. இரண்டே பேர் முப்பது என்று எழுதியிருந்தார்கள். எதை எந்த முடிச்சில் கட்டினீர்கள் என்று டீச்சர் கேட்டதும் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். அவர்களை நாற்காலிமேல் ஏற்றி அங்கேயே செய்ய வைத்தாள். எல்லாருடைய விடையையும் கூட்டி முப்பத்தாறால் வகுத்தார்கள். நாற்பது, புள்ளி ஒன்று. கரும்பலகையில் அந்த எண் விழுந்தபோது, தாங்களே பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் வகுப்பு அதைப் பார்த்தது.

மணி எப்போது அடிக்கும் என்று பாடத்துக்குப் பாடம் கேட்பதால் ‘கடிகாரம்’ என்று பெயர் வாங்கிய பெண் எழுந்தாள்.

“டீச்சர், அப்ப தப்பு நோட்டா, பூட்டா?”

அது யாருடைய நோட்டு என்று எல்லாருக்கும் தெரியும். பூட்டு பொய் சொல்லாது என்று மட்டும் டீச்சர் சொன்னாள். அந்த வாக்கியம் மதிய இடைவேளைக்குள் பள்ளியைச் சுற்றி வந்து, கையும் காலும் முளைத்து, தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தது.

அவர் கோபப்படவில்லை. டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். “என் நோட்டு பொய்னு பிள்ளைங்க சொல்லிட்டுத் திரியுறாங்களாம்,” என்றார். “நான் பொய் எழுதினதில்லம்மா. அது எனக்குத் தெரியும். நாளன்னைக்குக் காலையில கையெழுத்து போட்ட நோட்டு என் மேசையில இருக்கணும். இல்லன்னா அறிக்கையை நான் வேற மாதிரி எழுத வேண்டியிருக்கும்.”

அன்று மாலை தையல் கடையில் டீச்சர் பொரிந்து தள்ளினாள். காப்பியடிக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கு ஆய்வகம் எதற்கு, கண்ணிருந்தும் அளக்காத தலைமுறைக்குக் கடிகாரம் எதற்கு என்று மேடையில் நிற்பதுபோல் கேட்டாள். கேட்டவர்கள் இரண்டு தையல் எந்திரங்களும் ஒரு கணவனும். அவன் வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினான்.

“எனக்கு ஒண்ணு புரியலம்மா. பொய் எழுதுறவங்க சரியான பொய்யத்தானே எழுதுவாங்க? புத்தகத்துல நாப்பதுன்னு இருக்கில்ல? அதப் பாத்து எழுதியிருக்கலாமே. இந்த முப்பது எங்கேருந்து வந்துச்சு?”

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினோரு மாதமாக அறிவியல் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தோன்றாத கேள்வி, துணி வெட்டுகிறவனுக்குத் தோன்றிவிட்டது. நோட்டில் ஏதோ ஒன்று பொய். நேரம்தான் பொய் என்று அவளுக்கு யார் சொன்னது?

நூலைச் சுருக்கினாள். எண்பது சென்டிமீட்டரில் முப்பத்தாறு வினாடி வந்தது. அறுபதில் முப்பத்தொன்று. இன்னும் கொஞ்சம் சுருக்கி முடிச்சுப் போட்டு விட்டாள். இருபதாவது முறை பூட்டு திரும்பியபோது, “முப்பது,” என்றான் கணவன். அளந்தார்கள். ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அவன் நாடாவைத் திருப்பிப் பார்த்து இருபத்திரண்டு இஞ்ச் என்றான். இதை அளந்தது யாரோ, கையில் ஒரு மீட்டர் நூல் கிடைக்காத ஆள் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை, நோட்டுகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையின் முன்னால் டீச்சர் ஒரு பூட்டையும் ஓர் அளவு நாடாவையும் வைத்தாள். அவர் புருவம் உயர்வதற்குள், “மேடம், நீங்க பொய் எழுதலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றாள். “அஞ்சு நிமிஷம் குடுங்க. நீங்களே எண்ணுங்க.”

சன்னல் கம்பியில் பூட்டு தொங்கியது. தலைமையாசிரியை விருப்பமில்லாமல்தான் எண்ணத் தொடங்கினார். பத்தைத் தாண்டியதும் குரல் மாறியது. இருபதில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது வினாடி. டீச்சர் நாடாவைப் பிடித்துக் காட்டினாள்: ஐம்பத்தாறு.

அவர் கை நீட்டி, ஆடிக்கொண்டிருந்த பூட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“அது ரிப்பன்,” என்றார். “என் சடை ரிப்பன். அன்னைக்கும் ஆய்வகம் பூட்டித்தான் கிடந்துச்சு. வீட்டுல பெட்டிப் பூட்டை எடுத்து ரிப்பன்ல கட்டி நானே பண்ணினேன். நீளம் ஐம்பத்தாறு சென்டிமீட்டர்னுதான் எழுதிட்டுப் போனேன். எங்க சார் அதை அடிச்சிட்டு நூறுன்னு எழுதச் சொன்னார். புத்தகத்துல நூறுதான் இருக்காம். திரும்ப அழகா எழுதிட்டு வான்னார். எழுதினேன். எல்லாரும் கையெழுத்தைப் பாராட்டினாங்க. அப்புறம் எனக்கே மறந்துபோச்சு.”

இந்த வாரம்வரை அந்தப் பள்ளியிலேயே உண்மையாக அளந்த ஒரே மாணவி அவர்தான். அவருடைய உண்மையில் ஒரு பாதியை அழித்து, மிச்சத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதையே ஆண்டுதோறும் பார்த்து எழுதச் செய்திருக்கிறார்கள். சிறுமியின் சடையிலிருந்து அவிழ்ந்த அந்த ரிப்பனுக்கு இருந்த நேர்மை, பாடத்தைப் பாதுகாத்த அத்தனை பெரிய மனிதர்களுக்கும் இல்லாமல் போயிற்று.

தலைமையாசிரியை சாவி அண்ணனை அழைத்துச் சிவப்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிப் பெட்டியின் சாவியைத் தேடவே அவருக்குக் கால்மணி நேரம் பிடித்தது. நோட்டு வந்தது. அச்சுக் கோத்த அந்த அழகுக்கு நடுவே ‘நூறு’ என்ற எண்ணைத் தலைமையாசிரியை ஒரே கோடாக அடித்து, மேலே ஐம்பத்தாறு என்று எழுதினார். கீழே இருந்த கணக்கையும் அடித்தார். பிறகு கை நீட்டினார்.

“உங்க பிள்ளைங்க நோட்டைக் காட்டுங்க.”

டீச்சர் காட்டினாள். ஒவ்வொரு நோட்டிலும் முப்பது அடிக்கப்பட்டு, பக்கத்தில் அவரவர் எண் இருந்தது. ஒன்றில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஷாம்பூ புட்டி’ என்றும் குறித்திருந்தது. எதையும் விட்டுவிடாமல் புரட்டிப் பார்த்த தலைமையாசிரியை, அடித்தல் திருத்தலோடு வாரியத்துக்கு நோட்டு அனுப்புவது தம் காலத்தில் இதுதான் முதல்முறை என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே அறிக்கையை எடுத்து, ‘பணி நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அடியில் ஒரு சிறு மைக்கறை விழுந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆய்வகம் திறந்தது. கதவுக் கீல்கள் பதினான்கு ஆண்டு வசவை ஒரே மூச்சில் வைதன. பதினைந்தாவது நிமிடத்தில் ‘கடிகாரம்’ என்ற அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஒரு சோதனைக் குழாய் நழுவித் தரையில் விழுந்து சிதறியது. சாவி அண்ணன் உயிரே போனவர்போல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் ஓடினார். பொருளின் பெயர் எழுதிவிட்டார், எண்ணிக்கை எழுதிவிட்டார். உடைந்த காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பதினான்கு ஆண்டில் அந்தக் கட்டத்தை அவர் பார்த்ததுகூட இல்லை.

“இதுக்கு என்ன எழுதுறது, மேடம்?”

தலைமையாசிரியை தலை நிமிரவே இல்லை.

“பயன்படுத்தினோம்னு எழுதுங்க.”