அருவதாப் பூ

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் செடித்தாள் காப்பகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் காப்பாளராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகியும், அந்தப் படிகளில் ஏறும்போது கைப்பிடியைத் தொடமாட்டார். அங்கே வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஸ்கேல்’. அவருக்கும் அது தெரியும். வளைகிற சாமான் எதன் பெயரையும் வைக்காமல் விட்டார்களே என்று உள்ளூர ஒரு திருப்திகூட உண்டு.

மனைவி போய் ஆறு வருடம். பிள்ளை குட்டி இல்லை. வீட்டுத் தொலைபேசி மூன்று வாரத்துக்குப் பிறகு அன்று காலைதான் மணி அடித்தது. இப்போதைய காப்பாளரான பெண் கூப்பிட்டிருந்தாள். “ஐயா, ஒரு தாள் விஷயமா உங்ககிட்ட கேக்கணும். நான் வேணும்னா வீட்டுக்கு வரேன்.”

“வேண்டாம். நானே வரேன்.”

இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நீள மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பியிருந்தாள். பல நாட்டுச் சடங்குச் செடிகள், கைமருந்துச் செடிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். பிள்ளை பெற்ற அறையில் புகை போடும் மாசிபத்திரி இருந்தது. வாசலில் கட்டுகிற புல்லுருவி, இறந்தவர் பெட்டிமேல் வைக்கும் ரோஸ்மேரி, பல் முளைக்கிற குழந்தைக்குக் கொடுக்கும் வேர்த்துண்டு, எல்லாம் காய்ந்து தட்டையாகி, தாளில் ஒட்டி, வலது மூலையில் சீட்டோடு கிடந்தன. பூச்சி அரிக்காமல் போட்ட பாச்சை உருண்டையின் வாடை. அந்த வாடைக்கு அவர் மூக்கு தானாகவே நிமிர்ந்தது.

“இதுதான் ஐயா.”

இதே காப்பகத்துக்குச் செடி சேகரித்த அப்பாவின் தாள். மலைநாட்டில் மூன்று தடவை தங்கி அப்பா சேகரித்த செடி. அந்த ஊர்க்காரர்கள் அதைக் காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்கள், நோயாளி படுத்திருக்கும் வீட்டு வாசலில் தொங்கவிடுவார்கள், யாராவது இறந்தால் தலைக்கடியில் வைப்பார்கள். அப்பாவின் சீட்டில் இவ்வளவும் பொடி எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு நிபுணர் ஒட்டிய சீட்டு: ‘இலை ஒரு செடியினுடையது. பூ வேறொன்றான அருவதாச் செடியினுடையது. நம்பத்தக்கதல்ல.’

காப்பகத்தில் ஒருவர் ஒட்டிய சீட்டை இன்னொருவர் கிழிக்கக்கூடாது. மறுப்பு இருந்தால் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டலாம், அவ்வளவுதான். முப்பத்தெட்டு ஆண்டும் அந்த விதியை அவர் மீறியதில்லை. ஆனால் ஓய்வு பெறும் நாள்வரை அந்தத் தாளைத் தன் அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அப்பாவின் மானத்தைக் காக்கிறார் என்று எல்லோரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

“தப்பு நடந்த தாள்களுக்குன்னு ஒரு மூலை ஒதுக்கியிருக்கோம். ஜனங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். உங்கப்பாமேல குறையா எதுவும் வராது ஐயா. பழைய ஆபீஸ் கோப்புல அவர் எழுதின கடிதம் கிடைச்சுது, அதையும் பக்கத்துல வைக்கப்போறோம்.” அவள் கடிதத்தை நீட்டினாள்.

அப்பாவின் கையெழுத்து. கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. ‘செடிகளைத் தாளில் ஒட்டும் வேலையை வீட்டில் என் மனைவி செய்துவந்தாள். உடைந்த பூவுக்குப் பதிலாகத் தன் ஜன்னல் தொட்டியிலிருந்த அருவதாப் பூவை ஒட்டிவிட்டாள். இது அவளுடைய அறியாமையால் நேர்ந்தது. இனி அவள் கை படாது.’

இப்படி ஒரு கடிதம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

“இது வேண்டாம். குடும்பத்துக்குச் சம்மதம் இல்லன்னு எழுதிக்கங்க.”

“சரிங்க ஐயா. நீங்க வேண்டாம்னா வேண்டாம்.” அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. அவர் விறைப்பாகப் படியிறங்கி வந்துவிட்டார்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்தாள். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை பேச்சு. ஆரம்பமே ஏச்சாகத்தான் இருக்கும்.

“என்னடா, உயிரோட இருக்கியா? நான் செத்தா யார் சொல்லி உனக்குத் தெரியப்போவுதுன்னு நினைச்சுட்டிருந்தேன்.”

“உன் மகன் சொல்வான்.”

“அவனுக்கு உன் நம்பரே தெரியாது. சொல்லு, என்ன விஷயம்?”

சொன்னார். கடிதத்தைப் பற்றியும் சொன்னார்.

“அம்மா பேரை எழுதி ஆபீசுக்கே அனுப்பினாரா? அதுக்கப்புறம் அம்மா பசைக் கிண்ணத்தத் தொட்டே நான் பாத்ததில்ல. எத்தனை நூறு தாள் ஒட்டின கை. ஒரு நாள் நான் நோட்டுக்கு அட்டை போடச் சொன்னேன். எனக்கு வராதும்மா, நீயே போட்டுக்கன்னுட்டா.” அவள் குரல் தணிந்தது. “நீ வேண்டாம்னு சொன்னியே, அது போதும்டா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொறந்ததுல குடும்ப மானத்தக் காப்பாத்தினவன் நீ ஒருத்தன்தான்.”

அக்கா வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து எத்தனையோ வருடமாகிறது. அவர் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். முதுகு நாற்காலியில் ஒட்டாமல் நிமிர்ந்தே இருந்தது.

“அக்கா, அம்மா ஒட்டல.”

“எத?”

“அந்தப் பூவ. மேசை மேல காய வச்சிருந்தா. நான் விரல் வச்சேன், உதிந்துபோச்சு. அப்பா திட்டுவாரேன்னு ஜன்னல்லேர்ந்து ஒரு பூவப் பறிச்சு நசுக்கி ஒட்டிட்டேன். அப்ப எனக்கு ஒம்பது வயசு.”

அவரே தொடர்ந்தார்.

“நிபுணர் சீட்டு ஒட்டினது தெரிஞ்சன்னிக்கு அப்பா அவளக் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால நிக்கிறேன். அம்மா என்னைப் பாத்தா. பாத்துட்டு, கை தவறிடுச்சுங்கன்னு அவர்கிட்ட சொன்னா.”

“அப்ப உனக்கு ஒம்பது. சரி. அம்மா போகும்போது உனக்கு என்ன வயசு?”

“நாப்பத்தாறு.”

“நடுவுல முப்பத்தேழு வருஷம் இருந்துச்சேடா.”

வாழ்நாள் முழுக்க நிமிர்ந்த முதுகை வைத்துக்கொண்டு யாரைக் காத்தோம் என்று அன்றைக்குத்தான் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அப்பாவையும் இல்லை, அம்மாவையும் இல்லை.

“போன வை” என்றாள் அக்கா. அவர் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள்.

மறுநாள் காப்பகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். காப்பாளர் பெண்ணுக்கு அவர் முகம் சரியாகப் படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நேத்து வேண்டாம்னு சொன்னேன். இன்னிக்கு வேணும்ங்கறேன். ஒரு வெற்றுச் சீட்டு குடுங்கம்மா.”

சீட்டு எப்படி எழுத வேண்டும் என்று மூன்று தலைமுறைப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், முதல் சீட்டைக் கெடுத்தார். வாக்கியம் அமையவில்லை. இரண்டாவதில் எழுதினார்: ‘இலைகள் உண்மையானவை. பூவைச் சேர்த்தவன் சேகரித்தவரின் மகனாகிய நான். தாளை ஒட்டியவர் என் தாய். அவர் வேலையில் பிழை இல்லை.’ பெயர், தேதி போட்டார். பசையைப் பட்டையாகத் தடவாமல் ஓரங்களில் மட்டும் இழுத்து, நிபுணரின் சீட்டுக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

அவள் குனிந்து படித்தாள். ஒட்டியது காயும்வரை அழுத்தும் ஈயக்கட்டியைக் கொண்டுவந்து சீட்டின்மேல் மெதுவாக வைத்தாள்.

“கடிதத்தையும் வைங்க. எடுத்துடாதீங்க.”

“வைக்கறேன் ஐயா. அப்ப அந்த இலைய இனி நம்பலாம், இல்லையா? இத்தனை வருஷமா யாரும் அதத் திரும்பிப் பாக்கல.”

அவர் அதை யோசித்ததே இல்லை. அந்த மலைக்காரர்கள் சொன்னதை அப்பா சரியாகத்தான் எழுதியிருந்தார். அதையும் சேர்த்துத்தான் பூட்டி வைத்திருந்தோம் என்பது இப்போது உறைத்தது.

அவள் அழைப்பிதழ்ப் பட்டியலை எடுத்தாள். “தொடக்க நாளுக்கு முன்வரிசையில குடும்பத்துக்கு இடம் போடணும். எத்தனை பேர் ஐயா வருவீங்க?”

காலையில் இரண்டு தடவை அக்காவுக்குப் போன் போட்டிருந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“ரெண்டு போடுங்க. ஒண்ணு காலியா இருந்தாலும் இருக்கட்டும்.”