வெளியே தொங்கிய பூட்டு

டில்லிபாபுவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட நாலு அறை கட்டி, சிமெண்ட் ஷீட் போட்டு வைத்திருக்கிறான். அதன் பின்னால் நின்ற வேப்பமரத்தை அறுக்க என்னையும் என் புருஷன் கண்ணப்பனையும் கூப்பிட்டான். சந்தில் ஜேசிபி நுழையாதாம்.

மரம் அறைகள் பக்கம் சாய்ந்திருந்தது. ஆப்பு வைத்துக் காலி மனைப் பக்கம் தள்ளிவிடலாம் என்று அவனிடம் சொன்னேன். அறுப்பதற்கு முன் சுற்றியிருக்கிற கதவுகளைக் கோடாலிக் காம்பால் தட்டி ஆட்களை வெளியே வரச் சொல்வது எங்கள் வழக்கம். டில்லிபாபு குறுக்கே வந்தான்.

"அல்லாம் பூட்டிக்கீது, கண்ணு தெரியல? ஷிஃப்டுக்குப் போய்க்கீறானுங்க. வேலயப் பாரு."

நாலு கதவிலும் வெளியே பூட்டுத் தொங்கியது. சரியென்று ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தைப் பிடித்து இழுத்தோம். பாதிக்கு மேல் அறுத்த பிறகு, நாலாவது அறைக்குள் செல்போன் அலாரம் அடித்தது. கூடவே ஒரு இருமல். மெஷின் ரம்பமாக இருந்திருந்தால் காதிலேயே விழுந்திருக்காது.

"யோவ், உள்ள ஆளு கீதுய்யா!" என்று கத்தினேன்.

மரம் முனகியது. அறுத்த வாய் மூடிக்கொண்டால் அறைமேல்தான் விழும். கண்ணப்பன் அந்த வாயில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். நான் கோடாலியோடு ஓடினேன்.

"பூட்ட ஒடைக்காத!" டில்லிபாபு என் கையைப் பிடித்தான். "நைட் ஷிஃப்ட் பசங்க தூங்குறானுங்க. ரூமுக்கு ஒரு சாவிதான், பகல்ல போறவன் பூட்டிக்கினு போவான். தூக்கத்தக் கெடுத்தா ரூம காலி பண்ணிடுவானுங்க. மரம் இந்தாண்ட வுழாதுன்னு நீதான சொன்ன?"

தெரிந்தே சொல்லியிருக்கிறான், படுபாவி! கையை உதறிவிட்டுக் கோடாலியின் பின்பக்கத்தால் ஒரே போடு. லுங்கியோடு எழுந்து வந்தான் கொம்பையா, தெற்கத்திப் பையன்.

"எக்கா, பக்கத்து ரூம்லயும் ஆளு தூங்குதாவ!"

மற்ற பூட்டுகளையும் உடைத்தேன். ஒவ்வொரு அறையிலிருந்தும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இந்தாண்ட வுழாதுன்னு நம்பிக்கைதான உனக்கு?" என்றேன் டில்லிபாபுவிடம். "இந்தப் பையன் படுத்திருந்த பாயி காலியாத்தான் கீது. போய்ப் படு. மிச்சத்த அறுத்துர்றோம்."

அவன் படுக்கவில்லை. பின்வாங்கித் தெருமுனைக்கே போய்விட்டான்.

நாங்கள் ரம்பத்தைத் தொடுவதற்குள் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. ஆப்பு தெறித்தது. கண்ணப்பன் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். மரம் நாலாவது அறையை நசுக்கிக்கொண்டு விழுந்தது. கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ, என் ஷீட்டு போச்சே!" என்று ஓடி வந்தான் டில்லிபாபு.

உடைந்த பூட்டை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தேன்.