மூன்று ஆடி மாதங்கள்

எங்கள் ஊரில் மருத்துவர்கள் ஒவ்வொருவரின் எஞ்சிய ஆயுளையும் நாள்களாகத்தான் எழுதித் தருவார்கள். அவற்றை மாதங்களாக மாற்றிக்கொள்ளக் காலமாற்று அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். முப்பது நாள்களுக்கு ஒரு மாதம் என்பது விதி. எந்த மாதம் என்பது இருப்பைப் பொறுத்தது.

என் கணவர் வேலாயுதத்துக்குத் தொண்ணூறு நாள்கள் எழுதப்பட்டிருந்தன. ஏமாந்தால் குறைந்துவிடும் என்பதால் பஞ்சாங்கத்துடன் நானே சென்றேன்.

எழுத்தர் தணிகாசலம் நிமிராமலே மூன்று மார்கழிக் கட்டுகளைத் தள்ளினார்.

“நல்ல மாசம்மா. தினமும் வெண்பொங்கல்.”

“இருபத்தொன்பது நாள்தானே? ஆனி இருக்கா? அதுல முப்பத்திரண்டு.”

“ஆனியா? அது மேலதிகாரிங்களுக்கே பத்தலை.”

அவருக்குப் பின்னால் ஆடி மாதங்கள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. மங்கல காரியத்துக்கு உதவாதென்று எவரும் அவற்றை வாங்குவதில்லை. ஆனால் ஆடிக்கு முப்பத்தொரு நாள்கள்.

“மூணு ஆடி கொடுங்க.”

“மூணுமா?”

“சாகப்போற மனுஷனுக்குக் கல்யாணமா பண்ணப்போறேன்?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே நின்று எண்ணினேன். ஒவ்வொரு கட்டிலும் முப்பது நாள்கள்தாம் இருந்தன. பதினேழுக்கு அடுத்து பத்தொன்பது வந்தது.

“பதினெட்டாம் பெருக்கு எங்கே?”

“முப்பது கொடுத்தீங்க, முப்பது வாங்கினீங்க. கணக்கு சரியாத்தானேம்மா இருக்கு?”

கணக்கு மிகச் சரியாக இருந்ததே என் ஐயத்தை வளர்த்தது. அவருடைய கால்சட்டையின் விளிம்பு நனைந்திருந்தது. கீழ் இழுப்பறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதைத் திறங்க.”

“அது என் சாப்பாடும்மா.”

“விடாதீங்கக்கா,” என்றாள் எனக்குப் பின்னால் நின்றவள். “போன தடவை எனக்கும் சாப்பாடுன்னுதான் சொன்னார்.”

திறந்தார். மூன்று பதினெட்டாம் நாள்கள் வாழையிலையில் சுற்றப்பட்டு, மஞ்சள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பிழிந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் இருமுறை எண்ணினார்.

“தொண்ணூத்து மூணு இருக்கே, மரகதம். மிச்சம் மூணு யாரோடது?”

“உங்களோடதுதான்.”

“உன்னோடதைப் பிச்சுச் சேர்த்தியா?”

“இல்லை.”

அவர் நம்பவில்லை. அலமாரியிலிருந்த என் மாதங்களை இறக்கி, எச்சில் தொட்டு ஒவ்வொரு கட்டாக எண்ணினார். ஐப்பசியை மட்டும் எண்ணாமல் ஓரமாக வைத்தார்.

“அதையும் எண்ணுங்க.”

“அது சரியாத்தான் இருக்கும்.”

நான் எடுத்து எண்ணினேன். முப்பதுக்குப் பிறகும் நாள்கள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. கடைசிப் பதினொன்றிலும் அவருடைய மூக்குப்பொடியின் மணம் இருந்தது.

“பால் பொங்குது பாரு,” என்றார்.

போய் இறக்கிவைத்தேன்.