கட்டைவிரலில் கொஞ்சம் சிவப்பு

கட்டைவிரலில் ஒட்டியிருந்த சிவப்பு சோப்புக்கும் மசியவில்லை, வெந்நீருக்கும் மசியவில்லை. இறந்துபோன அம்மாவின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் ஈரத்துணியால் தேய்த்தபடியே இருந்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவனுக்கு, இந்த வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவனுக்கு, அந்தக் கையைப் பார்க்கத் தைரியமில்லை. அவன் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. அதற்குள் ஒரு போல்ட் இருந்தது.

"திங்கக்கிழமை எங்கிட்ட நெயில் பாலிஷ் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க," என்றாள் மனைவி. "என் கல்யாணத்துக்கே போட மாட்டேன்னு அடம் பிடிச்சவங்க. அறுபத்தேழு வயசுல இப்பதான் ஆசை வந்திருக்கு. ஒரு விரல்லகூட முழுசாப் போட்டுக்கல பாருங்க."

மூக்கை உறிஞ்சினாள்.

"கடையில ரிமூவர் வாங்கிட்டு வாங்க. அரைகுறையா அனுப்ப மனசு வரல."

விட்டால் போதும் என்று அவன் வெளியே வந்தான்.

அத்தை மாட்டு டாக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, மாடுகள் அவரை ஓய்வெடுக்க விடவில்லை. மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் பழைய மோட்டார் சைக்கிளில் சுற்றுவார். மற்ற வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறியபடி சத்தம் காட்டாமல் கிடக்கும். அத்தையின் வண்டிக்கு உலர் கிளட்ச். லீவரைப் பிடித்தால் கரண்டி டப்பாவைப் போட்டுக் குலுக்கியது போல அத்தனை தட்டும் சலசலக்கும். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் மகள் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அத்தை உள்ளே வந்து கை கழுவுவதற்குள் டீ தயாராகிவிடும்.

போன மாதம் தட்டுகள் தேய்ந்து, மேட்டில் இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகர மறுத்தது. அத்தையின் தம்பி மெக்கானிக்தான். இரண்டு வாரம் ஆகும் என்றார். அப்போதுதான் மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது என்ன பெரிய வித்தையா அத்தை? வீடியோ பாத்தேன். ஞாயித்துக்கிழமை நானே மாத்திடறேன்."

அவனுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. விண்ணப்பங்களில் எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பிரிவு. அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து, ஆறு போல்ட்டையும் ஸ்பிரிங்குகளையும் கழற்றி, தேய்ந்த தட்டுகளை உருவிவிட்டுப் புதியதை வரிசை மாறாமல் அடுக்கினான். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐந்தாவது போல்ட்டை முறுக்கும்போது மேனேஜர் போன் செய்தார். பேசி முடித்து வந்து மூடியை மாட்டினான். அத்தை தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்லா இழுக்குது மாப்பிள்ளை," என்றார். இரண்டு நாள் அவன் கால் தரையில் படவில்லை.

நேற்று மதியம் ஒரு பண்ணை வாசலில் அத்தையும் வண்டியும் சேர்ந்தே விழுந்து கிடந்தார்கள். மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவனும்தான், இன்று காலை அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டையே எடுத்து மாட்டி, பாக்கெட்டில் கையை விட்டு ஆறாவது போல்ட்டைத் தொடுகிற வரை.

அத்தை சரிந்ததால் வண்டி விழுந்ததா, வண்டி தள்ளியதால் அத்தை விழுந்தாரா? ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அது எழுதியிருக்கவில்லை.

வாசலில் பண்ணைக்காரரின் வேன் நின்றது. மெக்கானிக் மாமா வண்டியை இறக்கி ஸ்டாண்டு போட்டுவிட்டு, டூல்ஸ் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கிளட்ச் நீங்க மாத்தினதாமே?"

"ஆமா மாமா. இப்பவேவா பாக்கணும்? மூணு மணிக்கு எடுக்கறாங்க."

"மூணு மணி வரைக்கும் உள்ள உக்காந்து நான் என்ன பண்றது? எனக்கு அழத் தெரியாது. கழட்டத்தான் தெரியும். இதைப் பிடிங்க."

மூடியின் திருகாணிகள் ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் விழுந்தன. நாலாவது விழுந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்று தோன்றியது. மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? உன் அம்மாவைக் கொன்றது என் வாய்ச்சவடால் என்றா? மாமா மூடியை எடுத்துத் தரையில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடேங்கப்பா," என்றார் மாமா.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து எண்ணினான். மறுபடி எண்ணினான். ஆறு. ஐந்து கறுத்த பழைய போல்ட். ஆறாவது பளபளவென்று புதுசு. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

"முறுக்கி முடிச்சதும் இப்படிக் கோடு போட்டு வைக்கணும்," என்றார் மாமா. "போல்ட் துளி திரும்பினாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும். இங்க ஒண்ணுகூட அசையல. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா இதை?"

"அப்பாடா" என்று அவன் வாய்விட்டே சொல்லிவிட்டான். சாவு வீட்டு வாசலில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அப்படியே தரையில் உட்கார்ந்தான். அத்தை போன துக்கம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பாக்கெட்டிலிருந்த போல்ட்டை எடுத்து நீட்டினான்.

"நான் போட்டது அஞ்சுதான் மாமா. கோடு நான் போடல."

மாமா போல்ட்டை வாங்கி வண்டிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பழைய ஐந்தின் கூடப்பிறந்தது.

"முறுக்காத ஸ்பிரிங்கு ஆடற சத்தம் தெருமுனை தாண்டறதுக்குள்ள அக்கா காதுல விழுந்திருக்கும். கன்னுக்குட்டி வயித்துல காதை வச்சே நோவு என்னன்னு சொல்றவங்க. உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"நல்லா இழுக்குதுன்னாங்க."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவன் எழுந்து அவர் முதுகில் கை வைத்தான். பிறகு வண்டியில் கட்டியிருந்த மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஊசிகளுக்கு நடுவே மனைவியின் சின்ன நெயில் பாலிஷ் பாட்டில் மூடி இறுக்கிக் கிடந்தது.

உள்ளே மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ரிமூவர் கிடைச்சுதா?"

"நான் கடைக்கே போகல," என்று பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டிலை அவள் கையில் வைத்தான். மேனேஜர் போன், பாக்கெட்டில் கிடந்த போல்ட், காலையிலிருந்து தின்ற பயம், ஆறு கோடுகள் என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். அவன் முடித்ததும் அவள் அம்மாவின் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அதானே," என்றாள். "ஆசையாம் ஆசை." சிரிக்கப் பார்த்தாள், பாதிதான் வந்தது.

ஈரத்துணியைப் பிழிந்து கிண்ணத்தில் போட்டாள். போர்வையை இழுத்துக் கையை மறைக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், "வேணாம்க்கா, வெளிய இருக்கட்டும்," என்றாள்.

வெளியே மாமா மூடியை மாட்டி, வண்டியை ஓரமாக நிறுத்தக் கிளப்பினார். லீவரைப் பிடித்திருப்பார். கரண்டி டப்பா குலுங்கியது.

மனைவி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தமும் அடுப்பு பற்றும் சத்தமும் கேட்டன. அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான், அவளைக் கூப்பிடவில்லை.